மீன் தொட்டியில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய் மீன் தொட்டி பராமரிப்பது என் வேலை. சென்னையில் எந்தப் பக்கமிருந்து போன் வந்தாலும் பேச்சு ஒன்றுதான்: "அண்ணே, மீன் செத்துக்கிட்டே இருக்கு, என்ன மருந்து ஊத்தணும்?" பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. கோளாறு தண்ணீரில் இருக்கும், இல்லாவிட்டால் தண்ணீரை நாம் மாற்றும் விதத்தில் இருக்கும். அவசரப்பட்டு மருந்தை ஊற்றினால் ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்து, சின்னக் கோளாறு பெரிதாகிவிடும். அதனால் இங்கே எந்த அறிகுறிக்கும் மருந்து கடைசியில்தான் வரும்.

கப்பி, மோலி, பிளாட்டி, டெட்ரா, ஏஞ்சல், கௌராமி, கோரிடோரஸ் போன்ற மீன்களைக் கலந்து வளர்க்கும் நன்னீர்த் தொட்டிக்கானது இது. வீடுகளில் சாதாரணமாக இருக்கும் இரண்டடித் தொட்டியை (2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம்) மனதில் வைத்து எழுதுகிறேன். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போக, உண்மையில் 45 லிட்டர்தான் இருக்கும். மருந்தோ உப்போ அளக்கும்போது அந்த 45-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: தெர்மாமீட்டர், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் பார்க்கும் சொட்டு வகை டெஸ்ட் கிட், ஆன்டி குளோரின், கல் உப்பு, சோப்பு படாத தனி வாளி, அடி அழுக்கைத் தண்ணீரோடு உறிஞ்சி வெளியேற்றும் சைபன் குழாய். டெஸ்ட் கிட் விலையைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். இரண்டு மூன்று முறை மீன் வாங்கிச் சாகவிடும் காசுதான் அது. நைட்ரேட் கிட்டின் இரண்டாவது குப்பியை நன்றாகக் குலுக்கிய பிறகே சொட்டு விடுங்கள். அடியில் படிந்திருந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

## அறிகுறி 1: மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன

முதலில் ஒரு நிமிடம் தொட்டி முன்னால் நின்று பாருங்கள். எல்லா மீனும் மேலே நிற்கிறதா, ஒன்று மட்டுமா? கௌராமியும் பைட்டரும் இயல்பாகவே மேலே வந்து காற்றைக் குடிக்கும் வகை. கோரிடோரஸும் அவ்வப்போது சர்ரென்று மேலே போய் வரும். இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டெட்ராவும் மோலியும் மேலே வரிசைகட்டி நின்றால், செவுள் மூடி படபடவென்று அடித்தால், அதுதான் கவனிக்க வேண்டியது.

### கரண்ட் போய் வந்த பிறகு என்றால்

ஏர் பம்ப் ஓடுகிறதா பாருங்கள். ஓடியும் குமிழி வரவில்லை என்றால் ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைத் தண்ணீரில் விடுங்கள். அப்போது குமிழி நன்றாக வந்தால் ஸ்டோன் அடைத்திருக்கிறது, புதிது போடுங்கள். வெறும் குழாயிலும் வரவில்லை என்றால் பம்புக்குள் இருக்கும் ரப்பர் டயாப்ரம் கிழிந்திருக்கும். அதை மட்டும் மாற்றலாம். சின்னப் பம்பாக இருந்தால் புதிது வாங்குவதே சுலபம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால், கரண்ட் நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி பம்பையே கெடுத்துவிடும். பம்பை மேலே தூக்கி வையுங்கள், அல்லது குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள்.

கரண்ட் இல்லாதபோது ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாலே மீன்கள் தாக்குப்பிடிக்கும். அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள். அடிக்கடி கரண்ட் போகும் பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல மணி நேரம் நின்று போயிருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்திருக்கும். திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய வாடை வந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே இருப்பவற்றைத் தொட்டித் தண்ணீரில் அலசிப் பிறகு ஓட்டுங்கள்.

### ஏப்ரல், மே மாதம் என்றால்

தெர்மாமீட்டரைப் பாருங்கள். இந்த மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகம். மே மாதத்தில் மாடி வீட்டுத் தொட்டி 32, 33 வரை சாதாரணமாகப் போகும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும்.

விளக்கை அணையுங்கள். மேல் மூடியைத் திறந்துவிட்டு, ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி வையுங்கள். இதிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகும் என்பதால் தினமும் கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும். அதுவும் போதாவிட்டால் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பெட் பாட்டிலை மூடியோடு மிதக்க விடலாம். ஐஸ்கட்டியை நேராகக் கொட்டுவது வேண்டாம். ஒரே நாளில் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். கடைசி வழி சில்லர் எனும் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி. விலை அதிகம். இரண்டடித் தொட்டிக்கு அதை நான் யாருக்கும் சொல்வதில்லை, மீன் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் சொல்வேன்.

### அறையில் மருந்து அடித்த பிறகு என்றால்

இதை யாரும் யோசிப்பதில்லை. ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கரப்பான் ஸ்பிரே, பெஸ்ட் கன்ட்ரோல், கொசு மெஷின் ஆகியவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் விஷம். மீன்கள் துடித்துக் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து, பிறகு சாய்ந்து கிடக்கும். உடனே பம்பை வேறு அறைக்கு மாற்றி, நீளக் குழாய் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் (விஷத்தை உறிஞ்சும் கரி) போடுங்கள். அடுத்த முறை பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வரும் முன்பே தொட்டியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, பம்பை அந்த அறையைவிட்டு வெளியே எடுத்து வையுங்கள்.

### மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால்

அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள். அறிகுறி 2-க்குப் போங்கள்.

## அறிகுறி 2: புதுத் தொட்டி, நாளுக்கு ஒரு மீன் சாகிறது

தொட்டி வைத்து ஆறு வாரத்துக்குள் இப்படி நடந்தால் வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

அம்மோனியா அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) காட்டினால் தீனியை நிறுத்துங்கள். 0.5-க்கு மேல் என்றால் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், மறுநாளும் பார்த்து மாற்றுங்கள். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், கடைசியில் நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரைட்டுக்கும் இதே கணக்கு. நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைத் தனியாகக் கரைத்து, பல மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும்.

பிஎச்சையும் சேர்த்துப் பாருங்கள். போர் தண்ணீரில் அது 8 வரை இருப்பது இங்கே சாதாரணம். பிஎச் 7-ல் இருக்கும் அம்மோனியாவைவிட அதே அளவு அம்மோனியா பிஎச் 8-ல் கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம். "அதே கடை, அதே மீன், என் தம்பி வீட்டுல நல்லா இருக்கு, எங்க வீட்டுல மட்டும் சாகுது" என்பதற்குப் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

சீக்கிரம் சரியாக ஒரு நல்ல வழி உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பான்ஜ் ஃபில்டரின் ஸ்பான்ஜை வாங்கி வந்து உங்கள் ஃபில்டரோடு வையுங்கள். ஈரம் காயாமல், தொட்டித் தண்ணீரிலேயே கொண்டு வர வேண்டும். வாரக்கணக்கில் ஆக வேண்டியது சில நாளில் முடியும். குப்பியில் விற்கும் பாக்டீரியாவைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

இரண்டு எண்ணும் பூஜ்யத்துக்கு வந்து ஒரு வாரம் அப்படியே நிற்கும் வரை ஒரு புது மீன்கூட வாங்காதீர்கள். செத்த மீனுக்குப் பதில் மீன் வாங்கிப் போடுவதுதான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் இழுப்பதற்கு முக்கியக் காரணம்.

## அறிகுறி 3: தண்ணீர் மாற்றிய அன்றோ மறுநாளோ மீன் சாகிறது

குளோரின். மெட்ரோ தண்ணீரானாலும் லாரித் தண்ணீரானாலும் குளோரின் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் பிடித்து ஆன்டி குளோரின் விட்டுக் கலக்கி, பிறகு ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள். தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மேலே இரண்டு சொட்டு விடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அதற்குள் செவுள் வெந்துவிடும்.

சூடு. மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு வரும் தண்ணீர் கையே பொறுக்காது. காலையில் பிடித்து வையுங்கள். தொட்டிக்கும் வாளிக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. தெர்மாமீட்டரை இரண்டிலும் போட்டுப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

தண்ணீரே மாறிவிட்டது. அபார்ட்மெண்ட்டில் ஒரு வாரம் மெட்ரோ, அடுத்த வாரம் லாரி, நடுவில் போர் என்று சம்ப்பில் கலந்து வரும். கடினத்தன்மையும் பிஎச்சும் ஒவ்வொரு முறையும் வேறு. பாதித் தொட்டியை ஒரே நேரத்தில் மாற்றினால் மீனால் தாங்க முடியாது. வழக்கமாகக் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள், வாரா வாரம் மாற்றுங்கள். அப்படியும் பிரச்சினை என்றால், குழாய்த் தண்ணீரையே கிட்டில் சோதியுங்கள். சில இடங்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும், எவ்வளவு மாற்றினாலும் குறையாது. அங்கே ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டிவரும். வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றக் கூடாது. தாது உப்பு இல்லாமல் பிஎச் திடீரென்று சரிந்துவிடும்.

ஃபில்டரையும் சேர்த்துக் கழுவிவிட்டீர்கள். "எல்லாத்தையும் பளிச்சுன்னு கழுவினோம் அண்ணே" என்று சொன்னாலே எனக்கு விஷயம் புரிந்துவிடும். குழாயடியில் கழுவிய ஸ்பான்ஜில் ஒரு பாக்டீரியாவும் மிஞ்சாது. தொட்டி மறுபடி புதுத் தொட்டியாகிவிட்டது, அறிகுறி 2-ல் சொன்னதைச் செய்யுங்கள். ஸ்பான்ஜைக் கழுவும் முறை இதுதான்: மாற்றுவதற்காக எடுத்த தொட்டித் தண்ணீர் ஒரு மக்கில் இருக்கட்டும். அதற்குள் வைத்து நான்கைந்து முறை பிழியுங்கள். பழுப்பு வண்டல் கொட்டும். ஸ்பான்ஜ் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியே திரும்ப மாட்டிவிடுங்கள்.

## அறிகுறி 4: தண்ணீர் கலங்கலாக இருக்கிறது

நிறத்தைப் பாருங்கள்.

### வெள்ளை

புதுத் தொட்டி என்றால் பாக்டீரியா பெருக்கம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒரு வாரத்தில் தானே தெளியும். அம்மோனியாவை மட்டும் கவனியுங்கள். பழைய தொட்டி என்றால் தீனி அதிகம், அல்லது எங்கோ ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. கல்லுக்குப் பின்னால், ஃபில்டருக்கு அடியில் தேடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி, ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். மணலைக் கழுவாமல் போட்டிருந்தாலும் இதே கலங்கல் வரும், அது இரண்டு நாளில் அடங்கும்.

### பச்சை

வெயில் படுகிறது. தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள், அல்லது கனத்த திரை போடுங்கள். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது. கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, செய்தித்தாளால் தொட்டியைச் சுற்றி மூன்று நாள் இருட்டடித்து வையுங்கள். ஏர் பம்ப் மட்டும் நிற்காமல் ஓடட்டும், ஏனென்றால் செத்த பாசி ஆக்சிஜனைத் தின்னும். திரும்பத் திரும்ப வந்தால் நைட்ரேட்டைப் பாருங்கள், 40 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் மீன் அதிகம் என்று பொருள். யூவி விளக்கு கடைசிச் செலவு. அது பச்சையை நிச்சயம் போக்கும், ஆனால் காரணத்தைப் போக்காது.

### பழுப்பு

மரக்கட்டை வைத்திருக்கிறீர்களா? அதன் சாயம்தான். மீனுக்குக் கெடுதல் இல்லை. கட்டையை எடுத்துக் கொதிக்க வைத்து ஊறவைத்தால் குறையும். கண்ணாடியில் பழுப்பு மாவு போலப் படிந்தால் அது டயாட்டம் பாசி. புதுத் தொட்டியில் வரும், துடைத்தால் போய்விடும், சில வாரத்தில் நின்றுவிடும்.

## அறிகுறி 5: உடம்பில் வெள்ளைப் புள்ளி, கல்லில் உரசுகிறது

ரவையைத் தூவியது போல வால், துடுப்பு, உடம்பு எங்கும் தனித்தனிப் புள்ளியாக இருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். பஞ்சு போலத் திட்டாக ஒரே இடத்தில் இருந்தால் அது பூஞ்சை, வேறு விஷயம். ஆண் கோல்டு பிஷ்ஷின் செவுள் மூடியில் மட்டும் புள்ளி இருந்தால் அது இனப்பெருக்கக் காலத்து அடையாளம், நோயல்ல.

சென்னையில் இது மழைக்காலத்தில்தான் கூடுதலாக வரும். ராத்திரியில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துபோவது ஒரு காரணம், புது மீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேராகத் தொட்டியில் விடுவது இன்னொரு காரணம்.

முதல் படி: ஹீட்டர் போட்டு, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாமல், 30 வரை கொண்டு போங்கள். ஏர் ஸ்டோன் கூடுதலாகப் போடுங்கள். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்பு. கோரிடோரஸும் செடிகளும் இருந்தால் 1 கிராமோடு நிறுத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை அடிமணலை சைபன் செய்து அழுக்கை எடுங்கள், ஒட்டுண்ணி அடியில்தான் பெருகுகிறது.

மூன்று நாளில் குறையவில்லை, அல்லது மீன் தின்பதை நிறுத்திவிட்டது என்றால் மாலகைட் கிரீன் உள்ள வெள்ளைப்புள்ளி மருந்து. மருந்தை உறிஞ்சிவிடும் கார்பனை ஃபில்டரிலிருந்து எடுத்துவிட்டு, பாக்கெட்டில் உள்ள அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூட்டாமல் விடுங்கள். செதில் இல்லாத மீன்களுக்கு அரை அளவு. மெத்திலீன் ப்ளூவை முக்கியத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும், சிலிக்கான் நீலமாகிவிடும். அதற்குத் தனி டப் வேண்டும்.

மருந்து மீனின் தோலுக்குள் இருக்கும் புள்ளியைத் தொடாது, நீந்தித் திரியும் பருவத்தில் மட்டும்தான் ஒட்டுண்ணியைக் கொல்லும். அதனால் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். "போயிடுச்சு" என்று மூன்றாம் நாள் நிறுத்தியவர்கள்தான் மறுபடி போன் செய்கிறார்கள்.

## அறிகுறி 6: துடுப்பு கிழிந்திருக்கிறது, ஒரு மீன் மூலையிலேயே நிற்கிறது

விளக்கை அணைத்துவிட்டு, அறையின் ஓரத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். யாரோ துரத்துவது தெரியும். டைகர் பார்ப் இருந்தால் ஏஞ்சலின் தொங்கும் துடுப்பையும் கப்பியின் வாலையும் விட்டுவைக்காது. டைகர் பார்ப்பை எட்டுப் பத்தாகக் கூட்டமாக வைத்தால் கொஞ்சம் அடங்கும், ஆனால் நீளத் துடுப்பு மீன்களோடு நான் வைக்க மாட்டேன். ஏஞ்சல் வளர்ந்துவிட்டால் நியான் டெட்ராவை விழுங்கிவிடும். கடையில் இரண்டும் ஒரே அளவில் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

யாரும் கடிக்கவில்லை, துடுப்பின் ஓரம் வெள்ளையாகி அரித்துக்கொண்டே உள்ளே வருகிறது என்றால் துடுப்பழுகல். அதற்கும் முதல் மருந்து தண்ணீர்தான்: ஒரு வாரம் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். கேப்சூலைப் பிரித்து ஆன்டிபயாடிக் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். என்ன கிருமி என்று தெரியாமல் கொட்டுவது ஃபில்டரைத்தான் முதலில் கொல்கிறது.

இன்னொன்று. "டேங்க் கிளீனர்" என்று தரும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில் அதற்கு இடமில்லை. பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் வலை போடுபவர்களுக்கும் தொல்லையாக இருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

### எப்போது ஆய்வகத்துக்குப் போவது

வயிறு ஊதிச் செதில்கள் சிலிர்த்து நிற்பது, உடம்பில் ரத்தத் திட்டு, தண்ணீர் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் வேறு வேறு வகை மீன்கள் அடுத்தடுத்துச் சாவது: இவை வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. மாதவரத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தில் நீர்வாழ் உயிரின நோய்களுக்கான ஆய்வகம் இருக்கிறது. முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள். செத்து மிதந்த மீன் எதற்கும் உதவாது, சீக்கிரம் அழுகிவிடும். உயிரோடு இருக்கும் நோயுற்ற மீனைத் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டி, வேறொரு பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீரும் எடுத்துப் போக வேண்டும்.

## அறிகுறி 7: தண்ணீர் மட்டம் குறைந்துகொண்டே வருகிறது

கண்ணாடியில் மட்டத்தை மார்க்கர் பேனாவால் குறித்து, தேதி எழுதுங்கள். கோடையில், அதுவும் விசிறி வைத்திருந்தால், ஆவியாகியே கணிசமாக இறங்கும். அடியில் காய்ந்த செய்தித்தாள் விரித்துவிட்டு ராத்திரி விடுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் ஒழுகல் இல்லை. நனைந்திருந்தால் முதலில் ஒயர், ஏர் குழாய் வழியாக வழிகிறதா பாருங்கள், தொட்டி விளிம்பில் தொங்கும் ஹேங் ஆன் ஃபில்டரின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பல "ஒழுகல்கள்" அங்கேயே முடிந்துவிடும்.

உண்மையான ஒழுகல் என்றால் மட்டம் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். ஓட்டை அந்த உயரத்தில்தான். மேல் மூலையில் இருந்தால், தண்ணீரைக் குறைத்து வைத்துத் தாக்காட்டலாம். கீழ் மூலை என்றால் தொட்டி செய்பவரைக் கூப்பிடுங்கள். பழைய சிலிக்கானுக்கு மேல் புது சிலிக்கான் ஒட்டாது, முழுவதும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டு இரண்டு நாள் காய விட வேண்டும். நான்கடித் தொட்டிகளை நீங்களே ஒட்ட முயல வேண்டாம். நான்கடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அளவுத் தொட்டியில் 250 கிலோவுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது, கூடத்தில் உடைந்தால் கண்ணாடியும் சேர்ந்து வரும். ஒட்டி வாங்கிய பிறகு மேசை மட்டமாக இருக்கிறதா பார்த்து, அடியில் தெர்மாகோல் ஷீட் போடாமல் வைக்காதீர்கள். அது இல்லாமல் வைத்ததால் திரும்ப ஒழுகியவை பல.

## அறிகுறி 8: தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது

கையை எடுங்கள். ஒவ்வொரு பிளக்காக இழுத்துப் பார்க்க வேண்டாம், மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகே தொட்டி அருகில் போங்கள். பெரும்பாலும் ஹீட்டரின் கண்ணாடியில் கீறல் இருக்கும், அல்லது பவர் ஃபில்டரின் ஒயர் எங்காவது உரிந்திருக்கும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்காமல் விட்டால், வெளியே தெரியும் பாகம் கொதித்து, புதுத் தண்ணீர் பட்டதும் விரிசல் விடும். இதற்கு ஒட்டு வேலை கிடையாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

சந்தேகத்துக்குரிய சாதனத்தை எடுத்துவிட்டும் சுருக்கென்றால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை பேட்டரி ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும். ஒயர்கள் எல்லாம் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏறும்படி இருக்க வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டித் தரையில் விழும், பிளக்குக்குள் போகாது.